பனி கொட்டும் நாளில் பஸ்ஸில் போவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பனிக்காலத்தில் முதல்முறை பஸ் ஏறுகிறவர்கள், வண்டி சறுக்கிவிடுமோ என்றுதான் அதிகம் பயப்படுகிறார்கள். அந்தக் கவலையை டிரைவரிடம் விட்டுவிடலாம். பஸ் கனமான வண்டி. பனியில் ஊர்ந்துதான் போகும். நாம் விழுவதெல்லாம் ஸ்டாப்பிலும் படிக்கட்டிலும்தான். அதனால் கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி ஏறுவதையும் இறங்குவதையும் பற்றியது.

1. முந்தின நாள் ராத்திரியே வழியைப் பாருங்கள்

பனி அடிக்கடி பெய்யும் பல ஊர்களில் பஸ்களுக்குத் தனிப் பனிக்கால வழி வைத்திருப்பார்கள். மேடான தெருக்களையும் குறுகலான சந்துகளையும் விட்டுவிட்டு, முதலில் பனி தள்ளப்படும் பெரிய சாலைகளிலேயே வண்டி போகும். உங்கள் ஸ்டாப் அதில் இருக்கிறதா என்று பஸ் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். நடுவில் துருத்தி வைத்த நீளமான பஸ்ஸா உங்களுடையது? பெரும்பாலும் அதில் பின்பக்கச் சக்கரங்கள்தான் முன்பாதியைத் தள்ளிக்கொண்டு போகும். வழுக்கும் சாலையில் நடுவில் மடங்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், அன்றைக்கு அதற்குப் பதில் சின்ன வண்டி வரலாம். கூட்டம் நெரியும், அவ்வளவுதான்.

ஸ்டாப் ஏற்றத்தில் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாது என்று டிரைவர் நிற்காமலே போகலாம். சமதளத்தில் உள்ள அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பதே மேல்.

2. ஆப் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

‘3 நிமிடத்தில் வரும்’ என்று ஆப் காட்டும். அது ஓடுகிற வண்டியின் இருப்பிடத்தை வைத்துச் சொன்னதாக இருக்கலாம், வெறும் கால அட்டவணையாகவும் இருக்கலாம். வரைபடத்தைத் திறந்து பஸ் குறி நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கிளம்புங்கள். குறியே இல்லையென்றால் அது வராத பஸ்ஸாகவும் இருக்கலாம். அதை நம்பிக் குளிரில் போய் நிற்க வேண்டாம்.

3. உடை

ஒரே தடியான கோட்டைவிட இரண்டு மூன்று அடுக்குகள் நல்லது. உள்ளே ஹீட்டர் கொதிக்கும், கழற்ற வேண்டியிருக்கும். ஆழமான வரிகள் உள்ள ரப்பர் அடி பூட்ஸ் போதும். பூட்ஸுக்கு மேல் மாட்டும் ஆணிப்பட்டை வைத்திருந்தால், நடக்கும்போது போட்டுக்கொண்டு, ஏறும் முன் கழற்றிவிடுங்கள். பஸ்ஸின் வழவழப்பான ஈரத் தரையில் அந்த ஆணிகளே சறுக்கும். பையை முதுகில் மாட்டுங்கள். கைகள் பாக்கெட்டுக்குள் இருக்கக் கூடாது, தடுமாறினால் பிடித்துக்கொள்ள இரண்டும் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குமென்பதால் போனை உள்பாக்கெட்டில் வையுங்கள்.

4. ஸ்டாப்பில் எங்கே நிற்பது

இதுதான் முக்கியம். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளைப் பெரும்பாலும் நடுவில் சற்று உயர்த்தி ஓரத்தை நோக்கிச் சரித்தே போடுவார்கள். அதனால் சறுக்கும் பஸ் நீங்கள் நிற்கும் பக்கம்தான் சரியும். நடைபாதை விளிம்பிலிருந்து நாலைந்து எட்டு தள்ளி நில்லுங்கள். ஓரத்தில் குவிந்திருக்கும் பனிமேட்டின்மேல் ஏறி நிற்கவே வேண்டாம், கால் வழுக்கினால் சக்கரத்தடியில்தான் போய் விழுவீர்கள்.

பஸ் வந்து நிற்கும் இடம் மற்ற இடங்களைவிட மோசமாக வழுக்கும். வரிசையாக வரும் வண்டிகளின் டயர்கள் பனியை அழுத்தி அழுத்தி மெருகேற்றி வைத்திருக்கும். சாலையில் உப்புப் போட்டிருக்கிறார்களே என்றும் மெத்தனமாக இருக்க வேண்டாம். சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது.

கண்ணுக்குத் தெரியாத பிளாக் ஐஸைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சாலை ஈரமாகப் பளபளக்கிறது. ஆனால் ஓடும் கார்களின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை. அப்படியென்றால் பளபளப்பது தண்ணீர் அல்ல, ஐஸ்.

பஸ் தெரிந்ததும் நிழற்குடையை விட்டு வெளியே வந்து கையைக் காட்டுங்கள். இருட்டென்றால் போன் விளக்கைத் தரை பக்கமாகப் பிடித்து ஆட்டலாம், டிரைவர் கண்ணில் அடிக்க வேண்டாம். கடைசி நொடியில் கை காட்டிப் பயனில்லை. ஐஸில் வண்டி நிற்கப் பத்து மடங்குவரை தூரம் தேவைப்படலாம் என்கிறது பிரிட்டனின் சாலை விதிநூல். போகிற பஸ்ஸைத் துரத்தி ஓடுவதும் அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

5. ஏறுவது

வண்டி முழுதாக நின்று கதவு திறக்கும்வரை நின்ற இடத்திலேயே இருங்கள். பனிமேடு தடுப்பதால் பஸ் ஓரத்தைவிட்டுத் தள்ளி நிற்கலாம். மேட்டைத் தாண்டிக் குதிக்காமல், வெட்டிவிட்ட இடைவெளி வழியாக வாருங்கள். படி உயரமாக இருந்தால் பஸ்ஸைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த வசதி பல பஸ்களில் உண்டு. முதலில் கம்பியைப் பிடியுங்கள், அப்புறம் காலைத் தூக்குங்கள். டிக்கெட்டோ அட்டையோ முன்னமே கையில் இருக்கட்டும்.

பூட்ஸை ஒருமுறை தட்டிவிட்டு, கிடைத்த சீட்டில் உடனே உட்காருங்கள். முன்கதவுப் பக்கம் உருகிய பனிச்சேறு தேங்கி நிற்கும். அங்கே நின்று அரட்டை அடிக்க வேண்டாம்.

6. இறங்குவது

கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும், ஸ்டாப் எது என்றே தெரியாது. போன் வரைபடத்தில் பார்த்துக்கொண்டே வாருங்கள். மணியை வழக்கத்தைவிட முன்னாலேயே அடியுங்கள், டிரைவர் மெதுவாக நிறுத்த நேரம் கிடைக்கும்.

முடிந்தால் முன்கதவு வழியாக இறங்குங்கள். பின்கதவு பல நேரம் தள்ளாத பனிக்குவியலுக்கு நேராகத் திறக்கும். இறங்கும்போது கம்பியை விடாமல் ஒரு காலைத் தட்டையாகத் தரையில் வையுங்கள். அது நகரவில்லை என்று தெரிந்தபின் அடுத்த கால். இரண்டும் தரையில் ஊன்றிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால் படட்டும்.

உடனே பஸ்ஸைவிட்டு விலகுங்கள். கிளம்பும்போது பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். கையுறை வண்டிக்கடியில் விழுந்துவிட்டால் குனியாதீர்கள். டிரைவரிடம் சொல்லுங்கள், இல்லை போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். வண்டி போனபின்தான் சாலையைக் கடக்க வேண்டும். நடை பென்குவின் நடையாக இருக்கட்டும்: சின்னச் சின்ன எட்டு, உடம்பு சற்று முன்னால் சாய்ந்து, எடை முன்காலில்.

7. நடுவழியில் பஸ் நின்றுவிட்டால்

உள்ளேயே இருங்கள். வெளியே வீடு பக்கம்தான் என்று தோன்றும், ஆனால் ஹீட்டர் ஓடுகிற பஸ்தான் அந்த நேரத்தில் பத்திரமான இடம். எவ்வளவு நேரமாகும் என்று டிரைவரிடம் கேளுங்கள். நடந்தே ஆக வேண்டுமென்றால் எந்தப் பக்கம் இறங்குவது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. திரும்பி வருவது

பகலில் உருகிய பனி சாயங்காலம் மறுபடி உறையும். காலையில் சாதாரணமாக நடந்த அதே நடைபாதை மாலையில் வழுக்கும். கீழேயும் காற்று ஓடுவதால் பாலங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் உறைந்துவிடும். பனி கூடினால் மாலை பஸ்களைச் சீக்கிரமே நிறுத்திவிடவும் வாய்ப்புண்டு. மதியமே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய பஸ்ஸில் கிளம்புங்கள்.