தொல்லியல் சின்னத்துக்குப் பக்கத்தில் வீட்டு வேலையா? முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்

தாராசுரம், மாமல்லபுரம் போல மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்கு அருகில் உங்கள் வீடு இருந்தால், கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அனுமதி வேலையைத் தொடங்கிவிடுங்கள். 1958-ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும் இரண்டு வளையங்களை வகுத்திருக்கின்றன. முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இவை குறைந்தபட்ச அளவுகள்தான். அறிவிக்கை மூலம் அரசு இவற்றைக் கூட்டலாம்.

பலர் தவறுவது எங்கிருந்து அளப்பது என்பதில். கோபுரத்திலிருந்தோ கருவறையிலிருந்தோ அளந்தால் கணக்குத் தப்பும். அறிவிக்கையில் உள்ள பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். தெருவைச் சுற்றி வந்த தூரம் செல்லாது. பட்டா, மனையின் அளவுகளைக் காட்டும் புலப்படம் (FMB) ஆகியவற்றின் நகலோடு சின்னத்தைப் பராமரிக்கும் தொல்லியல் அலுவலகத்துக்குப் போய், எல்லை வரைபடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மனையின் ஒரு பகுதி மட்டும் 100 மீட்டருக்குள் விழுந்தால், அந்தப் பகுதியில் புதிதாக எதுவும் எழுப்ப முடியாது.

அடுத்து, செய்யப்போகும் வேலைக்குச் சட்டம் என்ன பெயர் தருகிறது என்று பாருங்கள். மாடி எடுப்பதும், பக்கவாட்டில் ஓர் அறை கூட்டுவதும் ‘கட்டுமானம்’. பழைய நீள அகல உயரத்துக்குள்ளேயே திரும்ப எழுப்புவது ‘மறுகட்டுமானம்’. பூச்சு, தரை, ஓடு மாற்றுவது போன்றவை ‘பழுதுபார்ப்பு’. 100 மீட்டருக்குள் பழுதுபார்ப்பு, புதுப்பிப்புக்கு மட்டுமே வழி உண்டு. அதுவும் கட்டடம் 1992 ஜூன் 16-க்கு முன் இருந்ததாகவோ, பிறகு முறையான ஒப்புதலோடு கட்டியதாகவோ இருக்க வேண்டும். ஆகவே, ‘சுவர் விரிசல் விட்டுவிட்டது, இடித்துவிட்டு அதே அளவில் கட்டலாம்’ என்ற யோசனை இங்கே எடுபடாது. சுவரை இடித்துவிட்டால் பழுதுபார்க்க எதுவும் மிஞ்சாது, காலி மனைதான் கையில் இருக்கும். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் மூன்று வகை வேலைக்கும் விண்ணப்பிக்கலாம்.

கட்டடத்தின் வயதைக் காட்ட மூலப்பத்திரம், பழைய சொத்துவரி ரசீது, மின் இணைப்பு ஆவணம் ஆகியவற்றைத் தேடி வையுங்கள். பத்திரத்தில் ‘மனை’ என்று மட்டும் இருந்தால், வீடு இருந்ததற்கு அது சான்றாகாது. பழுதுபார்ப்பு என்றால் வீட்டின் இப்போதைய நிலையை உள்ளும் புறமும் படமெடுத்து இணைப்பது நல்லது.

வரைபடத்தில் அதிகம் சிக்குவது உயரம். கைப்பிடிச் சுவர், மாடிப்படி ஹெட்ரூம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்த மொத்த உயரத்தை மீட்டரில் தனியாகக் காட்டுங்கள். தளம் வரைக்கும் 9 மீட்டர் என்று எழுதிவிட்டு மேலே தொட்டி வைத்தால், கட்டடம் அனுமதியைத் தாண்டிவிடும்.

விண்ணப்பத்தை தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் இணையதளம் வழியாக, அனுமதி வழங்கும் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’க்கு அனுப்ப வேண்டும். அவர் 15 நாளில் ஆணையத்துக்கு அனுப்புவார். ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை சொல்லும். அதன்பின் 1 மாதத்தில் முடிவு வர வேண்டும். இது சட்டக் கணக்கு. ஆவணம் குறைந்தால் இழுக்கும், ஆகவே வங்கிக் கடனையும் வாடகை வீட்டையும் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

‘விண்ணப்பம் போட்டாகிவிட்டதே’ என்று அஸ்திவாரம் தோண்டாதீர்கள். அனுமதியில்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகும் உள்ளாட்சி அமைப்பின் கட்டட அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டு வரைபடங்களிலும் அளவுகள் ஒன்றாக இருக்கட்டும்.