கரன்ட் (கதிர்வீச்சு) வைத்தபின் வரும் முதல் ஸ்கேன்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்கு வழக்கமான சிகிச்சை இதுதான்: அறுவைக்குப் பிறகு ஆறு வாரத்தில் 30 தடவையாக 60 கிரே கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. கதிர்வீச்சு முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில், பழைய இடத்து வெள்ளை வளையம் இன்னும் தடித்துத் தெரிந்தால் வீடே இடிந்துபோகும்.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் கட்டி என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றிய கடோலினியம் என்ற சாய மருந்து ரத்தக் குழாயிலிருந்து கசிந்த இடம் அது. கட்டி வளர்ந்தாலும் கசியும், கதிர்வீச்சில் குழாய்ச் சுவர் புண்பட்டாலும் கசியும். இரண்டாவதைப் போலி வளர்ச்சி என்கிறார்கள். சிகிச்சையை மாற்றாமலே பிறகு வடிந்துவிடும். எம்ஜிஎம்டி மெத்திலேஷன் (கட்டியில் எம்ஜிஎம்டி என்ற மரபணு அடங்கிக் கிடப்பது) உள்ளவர்களுக்கு டெமோசோலமைடு நன்றாகக் கேட்கும். போலி வளர்ச்சி அதிகம் வருவதும் அவர்களுக்கே. அப்படிப்பட்டவருக்கு இந்த ஒரு ஃபிலிமை நம்பி மாத்திரையை நிறுத்தினால், வேலை செய்கிற மருந்தையே கைவிட்டதாகிவிடும். அதனால்தான் 2010-இல் வந்த ரானோ விதிகள் (மூளைக் கட்டி சிகிச்சையின் பலனை மதிப்பிடும் விதிகள்), கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரத்துக்குள் கட்டி வளர்ந்ததாகச் சொல்லக் கடிவாளம் போட்டன: கதிர் பட்ட எல்லைக்கு வெளியே புதிதாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் திசுப் பரிசோதனை உறுதி செய்ய வேண்டும்.

அடுத்தது சீட்டு. ‘மூளைக் கட்டி, ஃபாலோ அப்’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு ஸ்கேன் சென்டருக்குப் போனால் ரிப்போர்ட் எழுதுபவர் என்னதான் செய்வார்? கதிர்வீச்சு முடிந்த தேதி, கதிர் பட்ட பகுதி, பழைய ஸ்கேன் படங்கள் எல்லாம் அவர் கைக்குப் போக வேண்டும். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் அளவும்தான், பலர் விட்டுவிடுவது இதைத்தான். போன மாதம் 8 மில்லிகிராம், இப்போது 2 என்றால், மருந்து குறைந்ததாலேயே வீக்கமும் வெள்ளையும் கூடித் தெரியலாம். அதற்காக நீங்களே மாத்திரையைக் கூட்டவோ சட்டென நிறுத்தவோ கூடாது.

சந்தேகம் என்றதும் சாதாரண பெட் ஸ்கேனுக்கு ஓடுவதிலும் பெரிய பலன் இல்லை. அதில் ஏற்றுவது சர்க்கரை. நல்ல மூளையே சர்க்கரையை அள்ளிக் குடிக்கும், அதனால் கட்டி தனித்துத் தெரியாமல் போகலாம். ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ கூடுதலாக உதவும். சர்க்கரைக்குப் பதில் அமினோ அமிலம் ஏற்றும் பெட் கிடைத்தால் நல்லது.

சரி, ‘எல்லாம் போலிதான்’ என்று உட்கார்ந்துவிடலாமா? கூடாது. கை கால் பலவீனம், வலிப்பு, குழறல் புதிதாக வந்தால் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். போலியே ஆனாலும் அந்த வீக்கத்துக்கு மருந்து தேவைப்படலாம்.

கட்டியின் ரத்தக் குழாய்களைக் கட்டுப்படுத்தும் பெவாசிசுமாப் என்ற மருந்து ஏற்றியவர்களுக்கு நேர் எதிரான ஏமாற்றம் காத்திருக்கிறது. கசிவை அந்த மருந்து அடைத்துவிடுவதால் சில நாளிலேயே வெள்ளை மங்கும். கட்டி உள்ளே அப்படியே இருக்கலாம். அப்போது எம்ஆர்ஐயிலேயே எடுக்கும் ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் பரவல் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள்.