சந்தா நூலாக இருக்கட்டும்: தக்ளி சுற்றவும் நூற்பு வட்டம் தொடங்கவும் ஒரு செய்முறை

கையால் நூல் நூற்கக் கற்றுக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு வேலைகளைச் சேர்த்தே சொல்வேன். ஒரு தக்ளி, அதாவது கையால் சுற்றி நூல் நூற்கும் சிறு கம்பிக் கருவி, வாங்குங்கள். உங்கள் ஊரிலோ தெருவிலோ இன்னும் நான்கு பேரைத் தேடி ஒரு நூற்பு வட்டமாகச் சேருங்கள். தக்ளி சுற்றத் தனியாகவும் பழகலாம். ஆனால் கொட்டை எடுப்பது, கட்டி உடையப் பஞ்சு கொட்டுவது, அதைத் தளர்வாகச் சுருட்டிப் பட்டை போடுவது, நூலைத் துணியாக்குவது என அத்தனையும் ஒருவர் தலையில் விழுந்தால் தக்ளி சீக்கிரமே அலமாரிக்குப் போய்விடும்.

பிரிட்டனில் நெசவு, நூற்பு, சாயமிடல் மூன்றையும் ஆர்வத்துக்காகக் கற்பவர்களுக்கு உள்ளூர்ச் சங்கங்கள் உண்டு. அவற்றை இணைக்கும் கூட்டமைப்பு 1955-இல் உருவானது. நமக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1925-இல் காந்தியின் முயற்சியால் பாட்னாவில் அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்தபோது, அதன் முதல் வகுப்பு உறுப்பினருக்கான சந்தா பணமாக வைக்கப்படவில்லை. மாதம் 1000 கெஜம் நூல். தாமே நூற்றது, சீரானது, முறுக்கு நன்றாக ஏறியது. இதைவிட நல்ல விதியை நான் எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை. அளவை மட்டும் குறைத்துக்கொள்வோம்: தொடக்கத்தில் ஆளுக்கு மாதம் 100 மீட்டர்.

1. ஆட்களும் இடமும்

ஐந்து பேர் போதும். பத்துப் பேரைச் சேர்த்தால் கற்றுக்கொடுப்பவர் எல்லார் விரலையும் பார்க்க முடியாது. ஒருவராவது நூற்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. அவரைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1937-இன் வார்தா திட்டத்திலிருந்து வளர்ந்த, கைத்தொழில் வழியே பாடம் கற்பித்த ஆதாரக் கல்வி முறையில், பள்ளியிலேயே தக்ளி சுற்றப் பழகிய பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய உறவினர்களிடமும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும் கேட்டுப் பாருங்கள். தக்ளியைக் கையில் கொடுத்ததும் விரல்கள் தாமாக ஓடத் தொடங்கிவிடும். அப்படி ஒருவர் கிடைத்தால் அவருக்கு வட்டத்தில் சந்தா கேட்காதீர்கள்.

இடத்துக்குப் பெரிய நிபந்தனை ஒன்றுமில்லை: வெளிச்சம் வேண்டும், மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். விசிறி ஓடினால் பட்டை கலையும், காற்று உலர்ந்து நூல் அறும். பருத்திக்கு ஈரக்காற்று உகந்தது. சித்திரை வெயிலில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் உங்கள் கையைக் குறை சொல்லாமல் அறைக்குள் ஓர் ஈரத்துணியைத் தொங்கவிடுங்கள்.

2. எந்தப் பஞ்சு?

பெரும்பாலானோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மருந்துக்கடைப் பஞ்சு நூற்க ஆகாது. இயற்கையான மெழுகு முழுவதும் நீக்கப்பட்டு, இழைகள் நசுங்கியிருக்கும். மெத்தைக் கடையில் கிடைப்பது பல சமயம் இலவம்பஞ்சு. அது வழுக்கும், இழைகள் ஒன்றையொன்று பற்றாது. தனியாக நூலாகவே ஆகாது.

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கரிசல் மண்ணில் விளைந்துவந்த கருங்கண்ணிப் பருத்தி நம் நாட்டு ரகம். இழை குட்டையானது, சற்று முரடானது. ஆனாலும் கைக்கு நன்றாகப் பிடி கொடுக்கும். மானாவாரியில் விளையும் இந்த ரகத்தைப் பயிரிடும் விவசாயி யாராவது தெரிந்தால் கொட்டையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. அதை மனத்தில் வைத்து எடையைக் கணக்கிடுங்கள். பருத்தி கிடைக்காவிட்டால் காதி அமைப்புகளிடமோ சர்வோதய சங்கங்களிடமோ கொட்டை நீக்கிய பஞ்சாகவோ தயார்ப் பட்டையாகவோ கேட்கலாம்.

கொட்டையெடுக்க இயந்திரம் தேவையில்லை. பருத்தியை நல்ல வெயிலில் காயவையுங்கள். வழவழப்பான பலகையில் ஒரு சுளையை வைத்து, விரல் தடிமனுள்ள இரும்புக் கம்பியை அதன்மேல் அழுத்தி முன்னோக்கி உருட்டுங்கள். பஞ்சு கம்பிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், கொட்டை முன்னால் பிதுங்கி வெளியே வரும். கதை பேசிக்கொண்டே செய்ய ஏற்ற வேலை இது. வட்டத்தின் முதல் கூட்டத்தை இதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

3. கொட்டுதலும் பட்டையும்

கொட்டை நீக்கிய பஞ்சு கட்டிகட்டியாக இருக்கும். பழைய முறையில் வில்லின் நரம்பை அதில் அதிரவிட்டுப் பஞ்சை மேகமாக்குவார்கள். வில் கிடைக்காதவர்கள் நாய்க்கு முடி வாரும் கம்பிச் சீப்பு இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் கொஞ்சம் பஞ்சைப் பரப்பி, மற்றதால் மெதுவாக, கம்பிகள் உரசாமல் வாருங்கள். கட்டி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இந்த நேரம் முழுவதும் மூக்கை முகக்கவசத்தால் மூடியிருங்கள். பஞ்சுத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். பஞ்சாலைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த நோய் அது.

வாரிய பஞ்சை மெல்லிய விரிப்பாகப் பலகையில் இட்டு, ஒரு பென்சிலை ஓரத்தில் வைத்துத் தளர்வாகச் சுருட்டி, பென்சிலை உருவிவிடுங்கள். இதுதான் பட்டை. இறுக்கிச் சுருட்டினால் நூல் வராது. நூல் மோசமாக வரும்போது பத்தில் எட்டு முறை குற்றம் பட்டையில்தான் இருக்கும் என்பது என் கருத்து. ஆகவே வட்டத்தில் கை பக்குவப்பட்டவர் யாரோ அவரே முதல் சில வாரங்களுக்கு எல்லாருக்கும் பட்டை போடட்டும்.

4. நூற்பது

தக்ளி என்பது ஒரு சாணுக்குக் குறைவான கம்பி; கீழ்ப்பக்கத்தில் ஒரு சிறு வட்டத் தகடு, உச்சியில் கொக்கி. தொடக்கத்தில் அதைத் தொங்கவிடாதீர்கள், குட்டை இழைப் பருத்தி அதன் கனத்தைத் தாங்காது. நுனியை ஒரு சிரட்டைக்குள் நிறுத்திச் சுற்றுங்கள்.

தகட்டுக்கு மேலே ஒரு முழ நூலைக் கட்டி, கம்பியில் சில சுற்றுகள் ஏற்றி, கொக்கியில் மாட்டுங்கள். அதன் முனையைப் பட்டையின் நுனியில் மூன்று விரல் அகலத்துக்குப் படியவிட்டு, இடது கையால் மெல்லப் பிடியுங்கள். வலது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கம்பியை வலஞ்சுழியாகச் சுண்டுங்கள். முறுக்கு நூல்வழியே ஏறிப் பட்டையைத் தொடும்போது இழைகள் பற்றிக்கொள்ளும். அந்தக் கணத்தில் இடது கையை மெதுவாகப் பின்னால் இழுங்கள்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்கு முதலில் ஓடும். தடித்த இடத்தில் குறைவாகவே ஏறும். அதனால் நூலில் ஒரு தடிப்பு தெரிந்தால் அது இன்னும் இளகிய நிலையில்தான் இருக்கிறது. இருபுறமும் மெல்ல இழுத்தால் அதுவே மெலிந்து, முறுக்கையும் வாங்கிக்கொள்ளும். நூல் சீராவது இப்படித்தான்: கொஞ்சம் முறுக்கு, ஓர் இழுப்பு, தடிப்பு கரையும்வரை இன்னொரு மெல்லிய இழுப்பு, அதன் பிறகு முழு முறுக்கு. முழு முறுக்கையும் முதலிலேயே ஏற்றிவிட்டால் பட்டை அசையாது. முறுக்கே இல்லாமல் இழுத்தால் இழை கையோடு வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தருணத்தை எழுத்தால் காட்ட முடியாது. பழகியவர் உங்கள் இடது கைமேல் தன் கையை வைத்து ஒருமுறை இழுத்துக் காட்டினால் விளங்கிவிடும். வட்டமாக உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

முறுக்கு போதுமா என்று பார்க்க, நூலைச் சற்றுத் தளர்த்துங்கள். தானாகவே இரண்டாக முறுக்கிக்கொண்டால் போதும். ஆங்காங்கே குட்டிச் சுருள்கள் எழுந்தால் அதிகம். இடது கை எட்டும் தூரம்வரை நூல் நீண்டதும் கொக்கியிலிருந்து விடுவித்து, தகட்டுக்கு மேலே கூம்புபோல் சுற்றி, மறுபடி மாட்டுங்கள். நூல் அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள். அறுந்த முனையின் முறுக்கைப் பிரித்துப் பஞ்சாக்கி, பட்டையின்மேல் படியவிட்டு மீண்டும் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

5. சிட்டமும் சந்தாவும்

தக்ளி நிறைந்ததும் நாற்காலியின் முதுகில் நூலைச் சுற்றி எடுங்கள். ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று முதலில் அளந்து வைத்தால், எண்ணிக்கையே நீளத்தைச் சொல்லிவிடும். நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிக் கழற்றுங்கள். காதிக் கணக்கில் 1000 மீட்டர் ஒரு சிட்டம். ஒரு கிலோ நூலில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். உங்கள் 100 மீட்டர் 10 கிராம் எடை இருந்தால் அது 10 நம்பர் நூல். தொடங்குபவருக்கு நல்ல இலக்கு. நெசவாளரிடம் பேசும்போது மட்டும் கவனம் தேவை: மில் நூலின் நம்பர் வேறு கணக்கு, நம்முடைய 10 அவர்களுடைய 6-ஐ ஒட்டி வரும்.

நூலைச் சிறிது சலவை சோடா கலந்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மெழுகு கரைந்து நீர் தேநீர் நிறத்துக்கு மாறும், முறுக்கு நிலைக்கும். அலசிக் காயவைத்து, பெயர், மீட்டர், கிராம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வட்டத்தின் பொதுப் பெட்டியில் சேருங்கள். அந்த மாதம் பணம் கொடுத்துத் தப்பிக்க யாரையும் விடாதீர்கள். பஞ்சு வாங்கும் செலவைத் தனியாகப் பகிர்ந்துகொள்ளலாம். சந்தா நூலாகவே வர வேண்டும். பேசிக் கலையும் கூட்டத்துக்கும் துணியில் முடியும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பெட்டிதான்.

6. துணி

அரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள துண்டு ஒன்றுக்குச் செ.மீ.க்குப் பத்து இழை என்று வைத்துக்கொள்வோம். பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, 500 இழை. தறியில் வீணாகும் நீளத்தையும் சேர்த்து இழைக்கு ஒன்றரை மீட்டர் என்றால் 750 மீட்டர். குறுக்கே ஓடும் ஊடைக்கு 1000 இழை, ஒவ்வொன்றும் 55 செ.மீ.; மொத்தம் 550 மீட்டர். ஆக 1300 மீட்டர். ஐந்து பேரின் மூன்று மாதச் சந்தா 1500 மீட்டர். துண்டுக்குத் தாராளமாகப் போதும்.

ஆனால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். பாவு நூல், அதைத் தூக்கி இறக்கும் விழுதிலும் ஊடையை நெருக்கும் அச்சிலும் ஓயாமல் உரசுவதால் தொடக்கக்காரர் நூல் அதைத் தாங்குவது கடினம். பக்கத்தில் கைத்தறி நெசவாளர் இருந்தால், அவர் தறியில் ஓடும் மில் நூல் பாவின் கடைசி ஒரு மீட்டரை உங்களுக்காக விடச் சொல்லுங்கள். ஊடைக்கு மட்டும் உங்கள் நூல் போகும். முதல் மாதச் சந்தாவே 500 மீட்டர், இன்னும் 50 சேர்த்தால் போதும். நூலைத் தாராக, அதாவது நெசவு நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சியில், சுற்றி எடுத்துப்போங்கள். தடிப்புள்ள நூலால் வேலை தாமதமாகும் என்பதால் வழக்கத்தைவிடக் கூடுதல் கூலி கொடுங்கள். எல்லாரும் சேர்ந்தே போய்த் தறியருகில் நில்லுங்கள். எந்த இடத்தில் நூல் அறுகிறது என்று நெசவாளர் காட்டுவது, அடுத்த மாத நூற்புக்குக் கிடைக்கும் சிறந்த பாடம்.

துண்டு கைக்கு வந்த பிறகு பெட்டிக்குள் மடங்கும் ராட்டையான பெட்டி ராட்டை ஒன்றைப் பொதுவில் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். எரவாடா சிறையில் காந்தி இருந்தபோது உருப்பெற்றது, மூடினால் கைப்பெட்டி அளவுதான். வாரத்துக்கு ஒருவர் வீடு என்று முறைவைத்து அனுப்புங்கள். தக்ளிகளைக் கொடுத்துவிடாமல் வட்டத்தின் பொதுப் பெட்டியிலேயே வைத்திருங்கள். ஆறாவது ஆள் வந்து கேட்கும்போது அவை தேவைப்படும்.