பாராதைராய்டு: ரிப்போர்ட்டைப் படிப்பதில் நடக்கும் தவறுகள்

கழுத்தில் தைராய்டின் பின்பக்கம் ஒட்டினாற்போல் பயறு அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. சிலருக்கு ஐந்துகூட இருக்கும். ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம் எடைதான். தைராய்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பாராதைராய்டு என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு. “தைராய்டு டெஸ்ட் நார்மல், அப்போ இதுவும் சரியாகத்தான் இருக்கும்” என்று விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. தைராய்டு டெஸ்ட்டில் வரும் டி.எஸ்.ஹெச். அளவைப் பார்த்துப் பாராதைராய்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பாராதைராய்டின் வேலை, ரத்தத்தில் கால்சியம் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வது. கால்சியம் சற்று இறங்கினாலே பி.டி.ஹெச். என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் சேர்க்கும், சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் குறைக்கும். சிறுநீரகத்தில் வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற வைத்து, உணவிலிருந்து குடல் அதிகக் கால்சியத்தை உறிஞ்சவும் வழி செய்யும். கால்சியம் போதுமான அளவுக்கு வந்ததும் பி.டி.ஹெச். தானாகக் குறைந்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான குழப்பம் இதை மறப்பதால்தான் வருகிறது.

ஒரு ரிப்போர்ட்டைக் கற்பனை செய்து பாருங்கள். கால்சியம் 11.2, நார்மலைவிட அதிகம். பி.டி.ஹெச். 52, அதற்குப் பக்கத்தில் நார்மல் எல்லை 15 முதல் 65 வரை என்று அச்சாகியிருக்கிறது. ‘பி.டி.ஹெச். நார்மல், பாராதைராய்டில் கோளாறு இல்லை’ என்று ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடுகிறார்கள். இது மிகப் பெரிய தவறு. கால்சியம் 11.2 இருக்கும்போது, ஒழுங்காக வேலை செய்யும் சுரப்பி அடங்கிப்போயிருக்க வேண்டும், பி.டி.ஹெச். எல்லையின் அடிமட்டத்திலோ அதற்கும் கீழேயோ இருக்க வேண்டும். 52 என்றால் சுரப்பி கட்டுப்பாட்டுக்குள் இல்லை என்ற சந்தேகம் வர வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் பார்த்து, சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கூடவே ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவும் தேவை. அது குறைவாக இருந்தால் மொத்தக் கால்சியமும் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பி.டி.ஹெச். கூடியிருக்கிறது, கால்சியம் நார்மல் அல்லது குறைவு. உடனே கட்டி என்று பயந்து ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் வைட்டமின் டி குறைபாடோ சிறுநீரகக் கோளாறோதான் காரணமாக இருக்கும். குறைகிற கால்சியத்தை ஈடுகட்டச் சுரப்பி பாடுபடுகிறது, அவ்வளவுதான். முதலில் அந்தக் காரணத்தைத் தேட வேண்டும்.

கால்சியமும் கூடி, பி.டி.ஹெச். அடங்காமலும் இருப்பதுதான் முதன்மை மிகைச் சுரப்பு. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரே ஒரு சுரப்பியில் வளர்ந்த சாதாரணக் கட்டிதான் இதற்குக் காரணம். புற்றுநோய் மிக அரிது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். சோர்வு, மலச்சிக்கல், அடிக்கடி தாகம், மறதி இவற்றையெல்லாம் ‘வயசாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருபவர்களும், எலும்பு தேய்ந்திருப்பதாகத் தெரிந்தவர்களும் ரத்தத்தில் கால்சியத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும். அதைப் பார்க்காமலே எலும்புக்கு நல்லது என்று தாங்களாகவே கால்சியம் மாத்திரை போடுகிறவர்கள் பலர். ஏற்கனவே கூடியிருக்கும் கால்சியம் அதனால் இன்னும் ஏறலாம். அதற்காக உணவில் இருக்கும் கால்சியத்தை அடியோடு நிறுத்துவதும் சரியில்லை. உணவில் குறைந்தால் சுரப்பி இன்னும் முனைப்பாகச் சுரந்து எலும்பைக் கரைக்கும். வழக்கமான அளவு சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடிப்பதே நல்லது.

அப்புறம், மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடு வகை மாத்திரையும், மனநலத்துக்குத் தரும் லித்தியமும் கால்சியத்தைக் கூட்டலாம். முடிக்காக எடுக்கும் பயோட்டின் சில லேப்களில் பி.டி.ஹெச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பரம்பரையாக வரும் ஒரு நிலையும் இதே போல ரிப்போர்ட்டில் தெரியும். அதில் சிறுநீரில் கால்சியம் குறைவாகப் போகும், சுரப்பியை எடுக்கும் அறுவை சிகிச்சையால் பயன் இல்லை. 24 மணி நேரச் சிறுநீர் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. நோயைச் சொல்வது ரத்தப் பரிசோதனை. ஸ்கேன், கட்டி எங்கே இருக்கிறது என்று தேட மட்டும்தான். கருவில் கீழ்ப் பாராதைராய்டும் நெஞ்சிலுள்ள தைமஸ் என்ற சுரப்பியும் ஒரே இடத்தில் உருவாகிச் சேர்ந்தே கீழே இறங்குகின்றன, அதனால் சில சமயம் சுரப்பி நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும். அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல்லுக்கு ஆறு அறுவை சிகிச்சைகளில் கட்டி கிடைக்கவில்லை. 1932இல், ஏழாவது முறைதான் நெஞ்சுக்குள் கண்டுபிடித்தார்கள். அதற்குள் எலும்புகள் கரைந்து அவர் உயரமே குறைந்துபோயிருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களில் உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்துப்போனால், களைப்பு என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். பட்டினி கிடந்த எலும்புகள் கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால் ரத்தத்தில் அது சட்டென்று இறங்கலாம். உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கட்டியை எடுத்த அன்றே குணமாகிவிட்டது என்று எழுதமாட்டார்கள். 6 மாதம் கழித்தும் கால்சியம் நார்மலாக இருக்க வேண்டும். அந்த டெஸ்ட்டை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.