உரிமம் சரி, இறக்குவது எது? கட்டற்ற வழங்கலில் தனியுரிமக் கூறுகளைக் கண்டுபிடித்து அடைப்பது

கட்டற்ற லினக்ஸ் வழங்கலில் (மென்பொருள்களைத் திரட்டித் தரும் இயங்குதளத் தொகுப்பில்) மூலநிரலின் உரிமத்தைப் படித்துப் பொதியைச் சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. சில மென்பொருள்கள் பிறகு தனியுரிமக் கூறுகளை இணையத்திலிருந்து தாமே இறக்கிக்கொள்ளும். 2015-ல் டெபியன் வழங்கலில் இருந்த குரோமியம் 43 உலாவி, குரல் கட்டளை வசதிக்காக மூலநிரல் இல்லாத நீட்சி ஒன்றைக் கேட்காமலேயே இறக்கியது. உரிமக் கோப்பில் அதற்குத் தடயம் இருக்காது.

முதலில் மூலநிரலிலும், நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டிலும் 'எச்டிடிபி', இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கட்டளைகளான 'கர்ல்', 'டபிள்யூகெட்' என்று தேடுங்கள். முகவரியைத் துண்டு துண்டாகச் சேர்த்து உருவாக்கும் நிரல்கள் இதில் தப்பிவிடும். ஆகவே மெய்நிகர் கணினியில் புதுப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, நேரக் குறியாக ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிவிட்டு, மென்பொருளை ஓட்டி எல்லா மெனுக்களையும் தொட்டுப் பாருங்கள். பிறகு 'ஃபைண்ட்' கட்டளையால் அந்தக் குறியைவிடப் புதிய கோப்புகளை வீட்டு அடைவில் தேடி, ஒவ்வொன்றையும் 'ஃபைல்' கட்டளைக்குக் கொடுங்கள். 'ஈஎல்எஃப்' (லினக்ஸின் இருமக் கோப்பு வடிவம்) என்று வந்தால் ஆள் சிக்கிவிட்டது. பழைய கணக்கில் சோதிக்காதீர்கள். கோப்பு ஏற்கெனவே இறங்கியிருந்தால் மறுபடி இறங்காது.

அந்தக் கூறு இல்லாமல் மென்பொருள் பயனற்றது என்றால், டெபியனில் அதன் இடம் முழுக்கக் கட்டற்ற 'மெயின்' பிரிவு அல்ல, கட்டற்றதல்லாத கூறுகளைச் சார்ந்த பொதிகளுக்கான 'காண்ட்ரிப்' பிரிவு. மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை இறக்கித் தரும் நிறுவிப் பொதி அங்கேதான் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளை மட்டுமே ஏற்கும் டிரிஸ்குவெல், பரபோலா போன்ற வழங்கல்களில் அந்தப் பிரிவே கிடையாது, நீக்கத்தான் வேண்டும்.

கூறு விருப்பத்துக்குரியது என்றால், தொகுக்கும்போதே அணைக்கும் தெரிவு உண்டா என்று பாருங்கள். அதுதான் சுத்தமான வழி. இல்லையென்றால் இறக்கும் முகவரியை வெறுமையாக்கும் சிறு ஒட்டு (மூலநிரல் திருத்தம்) போதும். நிரலை மொத்தமாக வெட்டினால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் ஒட்டு முறியும்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இறக்கும் வைட்வைனுக்கு (பூட்டிய காணொளிகளை ஓட்டும் தனியுரிமக் கூறு) ஒட்டுகூட வேண்டாம். உலாவியின் கொள்கைகளை வைக்கும் 'பாலிசீஸ்.ஜேசன்' கோப்பில் 'என்கிரிப்டட் மீடியா எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதியில் 'எனேபிள்ட்' ஃபால்ஸ், 'லாக்ட்' ட்ரூ. பூட்டாமல் விட்டால் பயனரின் ஒரு கிளிக்கில் மறுபடி வந்துவிடும். சிஸ்கோ நிறுவனத்தின் காணொளிக் கூறான ஓபன்எச்264 கொஞ்சம் வில்லங்கமானது: மூலநிரல் பிஎஸ்டி உரிமத்தில் கட்டற்றதுதான், ஆனால் சிஸ்கோ காப்புரிமைக் கட்டணத்தை ஏற்பது தானே தொகுத்து வழங்கும் இருமக் கோப்புக்கு மட்டும். நீங்கள் தொகுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கணினியின் முகவரிப் பட்டியலான 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில், இறக்கும் முகவரியைத் தடுப்பது தற்காலிக வைத்தியம். முகவரி மாறியதும் ஓட்டை திறந்துவிடும். பொதியை நீக்கினாலும் வீட்டு அடைவில் இறங்கியது அப்படியே கிடக்கும். அதைப் பயனர்தான் அழிக்க வேண்டும். வெளியீட்டுக் குறிப்பில் அடைவின் பெயரை எழுதிவிடுங்கள்.