பெட் ஸ்கேனில் எரியவில்லை என்றால் ஈரலில் கட்டி இல்லையா?

போன மாதம் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, நீ அந்த ஸ்கேன் எடுக்கற எடத்துலதானே வேலை பாக்கற? கரள்ல ஒண்ணும் எரியலைன்னுட்டாங்க. இனி பயமில்லையே?" எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு ஈரல் 'கரள்'தான், மலையாள டாக்டர்கள் சொல்லக் கேட்டுப் பழகியது. அவருக்குப் பல வருடமாக ஹெப்படைட்டிஸ் பி. ஈரல் சுருங்கியிருக்கிறது. சாய மருந்து ஏற்றி மூன்று நேரங்களில் படம் எடுக்கும் மூன்று கட்ட சி.டி. ஸ்கேனில் சின்னக் கட்டி தெரிந்து டாக்டர் சந்தேகப்பட்டிருக்கிறார். துபாயில் இருக்கும் மகன், "பெட்தான் பெரிய ஸ்கேன், அதை எடுங்க" என்று பிடிவாதம் பிடிக்க, அதையும் எடுத்தாயிற்று.

பெட் ஸ்கேனில் கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது சேரும் இடம் படத்தில் பளிச்சென்று 'எரிகிறதா' என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் என்ன மருந்து போட்டார்கள் என்று பார்த்தேன். எஃப்டிஜி. இதில்தான் முதல் தவறு, நான் அடிக்கடி பார்க்கும் தவறும் இதுதான்.

எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃபுளோரின் ஒட்டிய சர்க்கரை. செல்லுக்குள் போனதும் அதன்மேல் ஒரு பாஸ்பேட் பூட்டு விழும். வெளியே வர முடியாது. சர்க்கரைக்கு அலையும் புற்றுநோய்ச் செல்லில் அது நிறையச் சேர்ந்து படத்தில் எரியும். ஆனால் ரத்தத்துக்குச் சர்க்கரையைத் திருப்பித் தருவது ஈரலின் அன்றாட வேலை. அதற்காகப் பூட்டைத் திறக்கும் சாவி, அதாவது குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் என்ற நொதி, அதனிடமே உண்டு. ஈரலிலேயே பிறந்த புற்றுநோய், இன்னும் ஈரல் செல்லின் குணம் மாறாமல் இருந்தால், அதன் கையிலும் அந்தச் சாவி இருக்கும். உள்ளே போன சர்க்கரை நழுவி வெளியே வந்துவிடும். கட்டியும் ஈரலும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். இப்படிக் கிட்டத்தட்ட பாதிக் கட்டிகள் தப்பிவிடுகின்றன. குணம் மாறி முரடாகிப்போன கட்டிதான் நன்றாக எரியும்.

அதற்காக எஃப்டிஜி வீண் என்று சொல்லவில்லை. பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய கட்டியைக் காட்ட நல்ல மருந்து. ஈரல் புற்று எலும்புக்கோ நுரையீரலுக்கோ போயிருக்கிறதா என்று பார்க்கவும் உதவும். மறுபக்கம், எரிவதெல்லாம் புற்றும் இல்லை: ஈரலில் சீழ்க்கட்டி இருந்தாலும் எரியும், காசநோய்க் கட்டியும் எரியும்.

அப்புறம், எது சிறந்த மருந்து என்ற கேள்வியே தவறு. எந்தக் கட்டிக்கு என்று கேட்க வேண்டும். எஃப்டிஜி விட்டதை அசிட்டேட் என்ற இன்னொரு பெட் மருந்து பல நேரம் பிடிக்கும். ஆனால் கார்பன்-11 அசிட்டேட்டின் கதிரியக்கம் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். கதிரியக்கப் பொருள் தயாரிக்கும் சைக்ளோட்ரான் மெஷின் இருக்கும் வளாகத்துக்கு வெளியே அது கதைக்கு உதவாது. எஃப்டிஜிக்கு 110 நிமிடம். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் கள்ளு விடிகாலையில் வேன் ஏறி வெளி மாவட்டம் போகிற மாதிரி இதுவும் ஓட்டமாகத்தான் வரும். காலை 7 மணிக்குக் கதிரியக்க அளவு 40 மில்லிக்யூரி என்றால் 10.40-க்கு 10தான் மிச்சம். எல்லையில் வேலந்தாவளத்தில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, "அடுத்த பஸ்ல வர்றேன் தம்பி" என்று போன் செய்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு.

இன்னொரு நாள் ஒரு பெண், அம்மாவின் சீட்டைக் காட்டிச் சண்டைக்கே வந்துவிட்டார். "அம்மாவுக்குப் புரோஸ்டேட் ஸ்கேனாங்ண்ணா?" சீட்டில் காலியம்-68 பிஎஸ்எம்ஏ என்று இருந்தது. பிஎஸ்எம்ஏ என்பது புரோஸ்டேட் புற்றுச் செல்லின் மேல் நிறைய இருக்கும் ஒரு புரதம்; பெயரில் புரோஸ்டேட் இருப்பது உண்மைதான். ஆனால் ஈரல் புற்றைச் சுற்றி முளைக்கும் புது ரத்தக்குழாய்களிலும் அந்தப் புரதம் இருப்பதால், எஃப்டிஜிக்குச் சிக்காத கட்டியில் இது எரியலாம். டோட்டாடேட் என்ற இன்னொரு பெட் மருந்தின் கதை வேறு: குடல், கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தொடங்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டி ஈரலுக்குப் பரவினால் அதைப் பார்க்க அதுதான். விலை கூடுதல் என்பதற்காக எல்லாக் கட்டிக்கும் அதைக் கேட்பதில் அர்த்தமில்லை.

ரிப்போர்ட்டில் எஸ்யுவி என்று ஓர் எண் வரும்; மருந்து அந்த இடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று காட்டுவது. அந்த ஸ்கேனில் 4, இந்த ஸ்கேனில் 6, ஆகவே கட்டி வளர்ந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். மருந்து வேறு என்றால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒரே மருந்தானாலும் மெஷினும், ஊசி போட்ட பிறகு காத்திருந்த நேரமும் மாறினால் எண்ணும் மாறும்.

டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் பழைய ஸ்கேன்களையும் ஒதுக்க வேண்டாம். எம்ஆர்ஐ எடுக்க முடியாதவருக்கு, தெரிவது வெறும் ரத்தக்குழாய்க் கட்டிதானா என்று சிவப்பணுவில் டெக்னீசியம் ஏற்றிப் பார்த்துச் சொல்லலாம். கட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால்தான் சிரமம்.

எஃப்டிஜிக்கு 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். "ஒரு சாயாதானே" என்று பேக்கரியில் ஒதுங்கக் கூடாது. சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று வரும் வழியில் இன்சுலின் போட்டுக்கொண்டால் மருந்தெல்லாம் தசைக்குப் போய்விடும்.

சரி, பெரியவர் விஷயம். ஈரல் சுருங்கியவருக்கு, மூன்று கட்ட சி.டி.யில் கட்டி முதலில் பளிச்சென்று தெரிந்து பிறகு மங்கினால், பல நேரம் ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே புற்று என்று முடிவு செய்வார்கள். பெட்டில் எரியாததால் அந்தப் படம் பொய்யாகிவிடாது. "இந்த வாரமே டாக்டர்கிட்டப் போங்க. பேப்பர் மட்டும் போதாது, சி.டி. எடுத்தப்போ கவர்ல போட்டுக் கொடுத்த வட்டத் தட்டையும் கொண்டு போங்க" என்றேன்.

"அந்த மினுமினுக்கற தட்டா? கிளி வெரட்ட மாமரத்துல கட்டித் தொங்க விட்டுட்டனே கண்ணு."