குழந்தைய அடிச்ச கேஸு: சாதா அடியா, சைல்ட் அப்யூஸா? எப்படி பிரிச்சு பாக்குறது

பிள்ளைய யாரோ அடிச்சுட்டாங்கன்னா எல்லாரும் மொதல்ல கேக்குறது "வேணும்னே அடிச்சாங்களா?"ன்னு தான். ஆனா அத வச்சு பாதி தூரம் தான் போக முடியும், ஏன்னா சாதா அடிதடி கேஸுக்கே அந்த 'வேணும்னே' தேவைப்படுது. பிஎன்எஸ் (இப்ப இருக்குற குற்றவியல் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா) 115வது பிரிவு, அதாவது அதுக்கு முன்னாடி இருந்த ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 323, காயம் படணும்னு நினைச்சோ இல்ல படும்னு தெரிஞ்சோ செஞ்சா தான் குற்றம். கதவு சாத்துறப்ப தெரியாம விரல் நசுங்கிட்டா அது இதுல வராது, ரொம்ப அஜாக்கிரதைன்னா அதுக்கு வேற செக்ஷன். அதனால அடுத்த கேள்வி தான் முக்கியம்: அடிச்சதோட நின்னுச்சா, இல்ல பிள்ளைய வதைக்கணும்னே பண்ணாங்களா?

2025ல சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த கோவா கேஸ் இதுக்கு நல்ல உதாரணம். ஒருத்தர் ஒரு பையன ஸ்கூல் பேக்கால அடிச்சுட்டாரு, கோவா சில்ட்ரன்ஸ் ஆக்ட் 8(2)ல சைல்ட் அப்யூஸ்னு தண்டனையும் ஆயிருச்சு. சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணுச்சு. கொடுமைப்படுத்தணும், சுரண்டணும்ங்குற மாதிரி நோக்கம் இருந்தா தான் அப்யூஸ், பேக்கால ஒரு அடி மட்டும் அந்த அளவுக்கு போகாதுன்னு சொல்லிருச்சு. இத படிச்சுட்டு "அப்ப ஒரு அடி ஓகே"ன்னு சில பேர் கிளம்பிருவாங்க, அது சுத்த தப்பு, 323ல குற்றவாளிங்குற தீர்ப்பு அப்படியே நின்னுச்சு, ஜெயிலுக்கு பதிலா புரொபேஷன் (நன்னடத்தை நிபந்தனையோட வெளிய விடுறது) தான் கெடச்சுது. அதோட அந்த சட்டத்துலயே அப்யூஸ்ங்குறது 'வழக்கமா நடந்தாலும் இல்லைனாலும்'னு தான் இருக்கு, ஒரே தடவ தானேன்னு தப்பிக்க முடியாது.

சரி, மனசுல இருந்தத எப்படி நிரூபிக்கிறது? சுத்தி நடந்தத வச்சு தான். எதால அடிச்சாங்க, உடம்புல எங்க, பழைய தழும்பு இருக்கா, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக ஏன் லேட்டாச்சு, கேக்குறப்பல்லாம் கத மாறுதா. இதுல எல்லாரும் கோட்ட விடுறது ஏஆர் காப்பி, அதாவது ஆஸ்பத்திரில காயத்த பத்தி பதியுற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். டாக்டர் அதுல 'தெரிந்த ஒரு நபர் கையால் தாக்கியதாக'ன்னு ஒரு வரி எழுதுவாரு, பதட்டத்துல "கீழ விழுந்துட்டான்"னு சொல்லிட்டீங்கன்னா பின்னாடி எதிர் வக்கீல் மொதல்ல புடிக்கிறது அந்த வரிய தான். பழைய காயம் இருந்தா அதையும் காட்டி எழுத சொல்லுங்க. எலும்பு ஒடஞ்சா, பல்லு போனா அது கொடுங்காயம், செக்ஷனே வேற. ஐபிசில 20 நாள் கடும் வலின்னு இருந்தது பிஎன்எஸ்ல 15 நாளா கொறஞ்சிருக்கு.

அடிச்சது யாருன்னும் பாக்கணும். கோவா சட்டம் கோவாக்கு மட்டும் தான், மத்த எடத்துல ஜேஜே ஆக்ட் (சிறார் நீதிச் சட்டம்) 2015, செக்ஷன் 75. ஆனா இது பிள்ளைய தன் பொறுப்புல, கட்டுப்பாட்டுல வச்சிருக்குறவங்களுக்கு தான், அப்பா அம்மா, ஹாஸ்டல் வார்டன் மாதிரி. தேவையில்லாத வேதன வர்ற மாதிரி அடிச்சாலோ கொடுமைப்படுத்துனாலோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் அபராதம், இல்ல ரெண்டும். காப்பகம் மாதிரி எடத்துல வேல பாக்குறவங்கன்னா 5 வருஷம் வரைக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரர் கோவத்துல ஒரு அற விட்டா பெரும்பாலும் 115 தான், அதுக்கு 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஸ்கூல்ல டீச்சர் "திருத்த தான் அடிச்சேன்"னு சொன்னாலும் கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு அடிக்கிறதையே தடை பண்ணுது.

பாலியல் விஷயம்னா இந்த கணக்கே தலகீழ். போக்சோ (குழந்தைகள பாலியல் குற்றத்துலருந்து காக்குற சட்டம்) 30வது பிரிவுல கோர்ட் கெட்ட நோக்கம் இருந்துச்சுன்னு தான் மொதல்ல எடுத்துக்கும், இல்லன்னு குற்றம் சாட்டப்பட்டவர் தான் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்.

எந்த செக்ஷன்னு நீங்களே முடிவு பண்ணி புகார் எழுதாதீங்க. எந்த தேதி, எதால, எத்தன அடி, என்ன சொல்லிட்டே அடிச்சாங்கன்னு நடந்தத மட்டும் எழுதுங்க, நோக்கம் அதுலருந்தே தெரியும். ஸ்டேஷனுக்கு போக தயக்கமா இருந்தா குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு போன் போடுங்க.